உள்ளங்கால் மெலனோமா: அப்பாவுக்கு இம்யூனோதெரபி தொடங்கும் முன்

தேனி மாவட்டத்திலிருந்து ஒரு வாசகி நீண்ட கடிதம் எழுதியிருக்கிறார். அடையாளம் தெரியாதபடி சுருக்கித் தருகிறேன்.

அவருடைய அப்பாவுக்கு வயது 61, எடை 62 கிலோ. திராட்சைத் தோட்ட வேலை. ஒன்பது வருடமாகச் சர்க்கரை நோய்; மெட்ஃபார்மின் சாப்பிடுகிறார். இரண்டு வருடத்துக்கு முன் இடது குதிகாலில் கறுப்பாக ஒரு திட்டு வந்தது. முள் குத்திய இடம் என்று விட்டுவிட்டார்கள். பிறகு அது வெடித்துக் கசியத் தொடங்கியதும் முதலில் கால் ஆணி என்றும், அப்புறம் சர்க்கரைப் புண் என்றும் எட்டு மாதம் கட்டுப் போட்டிருக்கிறார்கள். தொடை இடுக்கில் நெறி கட்டிய பிறகே பயாப்ஸி எடுத்தார்கள். தோலின் நிறமிச் செல்களில் வரும் புற்றுநோயான மெலனோமா என்று வந்தது. பெட் சி.டி.யில் நெறிக்கட்டிகளுடன், இரண்டு நுரையீரலிலும் ஐந்து சிறு புள்ளிகள்; பெரியது 1.4 செ.மீ. எல்.டி.எச். என்ற ரத்தப் பரிசோதனை அளவு இயல்பு. சென்னையில் பார்த்த மருத்துவர் உடலின் எதிர்ப்புச் சக்தியைப் புற்றுநோய்க்கு எதிராகத் தூண்டும் இம்யூனோதெரபியைப் பரிந்துரைத்து, ஒரு மருந்தா இரண்டு மருந்தா என்று யோசித்து வரச் சொல்லியிருக்கிறார்.

வாசகியின் சந்தேகங்கள்: "பாதிப் பேருக்கு மேல் பிழைக்கிறார்கள் என்று வீடியோவில் சொன்னார்கள், உண்மையா? பி.டி-எல்1 (கட்டியில் பார்க்கும் ஒரு புரதம்) ஒரு சதவீதத்துக்கும் கீழ் என்று ரிப்போர்ட் வந்திருக்கிறது, அப்படியானால் மருந்து வீண்தானா? குறைந்த டோஸில் போட்டால் போதும் என்கிறார் ஒருவர். காலை எடுத்துவிட்டால் முடிந்தது, எதிர்ப்புச் சக்திக்குச் சீந்தில் கஷாயம் கொடு என்கிறார் சித்தப்பா. இன்சூரன்ஸ்காரர்கள் இந்த மருந்துக்குப் பணம் வராது என்கிறார்கள். நிலத்தை விற்கலாமா என்று யோசிக்கிறோம். ஒரு மருந்தா இரண்டா, உங்கள் கருத்து என்ன? அப்பாவிடம் இது கேன்சர் என்று நாங்கள் இன்னும் சொல்லவில்லை."

அன்புள்ள வாசகிக்கு,

பயாப்ஸி செய்ததால்தான் நோய் நுரையீரலுக்குப் பரவியதோ என்று கடிதத்தின் ஓரத்தில் எழுதியிருக்கிறீர்கள். அந்தக் குற்ற உணர்ச்சியை முதலில் இறக்கி வையுங்கள். பயாப்ஸிக்கு முன்பே நெறி கட்டியிருந்தது. நோய் அப்போதே குதிகாலைத் தாண்டிவிட்டது. வெயிலில் வேலை செய்ததும் காரணமில்லை. உள்ளங்கை, உள்ளங்கால், நகத்தடி ஆகிய இடங்களில் வரும் மெலனோமாவுக்கும் வெயிலுக்கும் தொடர்பு மிகக் குறைவு. வெள்ளைத்தோல்காரர்களுக்கு வெயில் படும் தோலில் மெலனோமா வருகிறது. நம்மைப் போன்ற நிறத்தவர்களுக்குப் பெரும்பாலும் பாதத்தில்தான் வருகிறது. பாடகர் பாப் மார்லிக்குக் கால் பெருவிரல் நகத்தடியில் வந்து, 1981-ல் அவர் உயிரைப் பறித்தது இந்த வகைதான்.

இந்த வேறுபாட்டைப் பிடித்துக்கொண்டால் உங்கள் கேள்விகளில் பாதிக்கு விடை கிடைத்துவிடும்.

வீடியோவில் சொன்ன கணக்கு யாருடையது?

நிவோலுமாப், இபிலிமுமாப் என்ற இரண்டு இம்யூனோதெரபி மருந்துகளையும் சேர்த்துக் கொடுத்த பெரிய ஆய்வு ஒன்றில் 945 பேர் இருந்தார்கள். ஐந்து வருட முடிவில் இரண்டு மருந்தும் பெற்றவர்களில் 52 சதவீதம் பேரும், நிவோலுமாப் மட்டும் பெற்றவர்களில் 44 சதவீதம் பேரும், இபிலிமுமாப் மட்டும் பெற்றவர்களில் 26 சதவீதம் பேரும் உயிரோடு இருந்தார்கள். பத்து வருட முடிவில் அவை முறையே 43, 37, 19. 2011-க்கு முன் இதே நிலையில் இருந்தவர்களுக்கு டகார்பசின் என்ற கீமோதான் கையில் இருந்தது. ஒரு வருடத்தைத் தாண்டுவதே பலருக்கு முடியவில்லை. ஆகவே அந்த எண்கள் பொய்யில்லை. ஆனால் அந்த ஆய்வில் இருந்தவர்கள் பெரும்பாலும் வெள்ளையர்கள். வெயிலால் வரும் மெலனோமாவில் மரபணுச் சேதம் ஏராளம். அதனால் நம் வெள்ளணுக்கள் அந்தச் செல்லை 'இது நம்முடையது இல்லை' என்று எளிதில் கண்டுகொள்கின்றன. பாத மெலனோமாவில் அந்தச் சேதம் குறைவு. அடையாளம் காண்பதும் கடினம். ஜப்பானில் கை, கால், நகத்தடி மெலனோமா உள்ள 193 பேருக்கு ஒற்றை மருந்து கொடுத்துப் பார்த்ததில் 16.6 சதவீதம் பேருக்குக் கட்டி குறிப்பிடத்தக்க அளவு சுருங்கியது. ஏறக்குறைய ஆறு பேரில் ஒருவர்.

உங்களைத் தளரச் செய்ய இதைச் சொல்லவில்லை. நிலத்தை விற்பதா என்று யோசிக்கும் ஒரு குடும்பம் சரியான எண்ணை வைத்து முடிவெடுக்க வேண்டும். அப்பாவுக்குச் சாதகமான சங்கதிகளும் உண்டு: எல்.டி.எச். இயல்பாக இருக்கிறது, நுரையீரல் புள்ளிகள் சிறியவை, அவர் எழுந்து நடமாடி வேலை செய்கிறார். இந்த மூன்றும் இருப்பவர்களிடம் மருந்து கேட்கும் வாய்ப்பு கூடுதல். கேட்டுவிட்டால் பெரும்பாலும் நீண்ட நாள் கேட்கும். இந்தச் சிகிச்சையின் பெரிய பலமே அதுதான்.

பி.டி-எல்1 குறைவு என்பதற்காக மருந்தைக் கைவிட வேண்டாம். நுரையீரல் புற்றுநோயில் அந்தப் பரிசோதனைக்கு உள்ள முக்கியத்துவம் மெலனோமாவில் இல்லை. 'இல்லை' என்று வந்தவர்களிடமும் மருந்து வேலை செய்திருக்கிறது. உங்கள் ரிப்போர்ட்டுகளில் எனக்குத் தட்டுப்படாதவை வேறு இரண்டு: பிராஃப், கிட் என்ற மரபணு மாற்றங்களுக்கான சோதனை. எடுத்த பயாப்ஸித் துண்டிலேயே இதைச் செய்யலாம், மறுபடி குத்த வேண்டாம். பிராஃப் மாற்றம் பாத வகையில் குறைவுதான். இருந்தால் டாப்ராஃபெனிப், டிராமெடினிப் மாத்திரைகள் கைவசம் உண்டு. கிட் மாற்றம் இருந்தால் இமாடினிப் பயன்படலாம். பிராஃப் இருந்தாலும் முதலில் இம்யூனோதெரபி, பிறகு மாத்திரை என்ற வரிசையே மேல் என்று ஆய்வு காட்டியிருக்கிறது. அப்படித் தொடங்கியவர்களில் இரண்டு வருடம் கடந்தவர்கள் 72 சதவீதம், மாத்திரையில் தொடங்கியவர்களில் 52 சதவீதம். மூளை எம்.ஆர்.ஐ.யும் எடுக்கவில்லை என்று தெரிகிறது. முதல் ட்ரிப்ஸுக்கு முன் அதை எடுத்தே ஆக வேண்டும். மெலனோமா மூளைக்குப் போகக்கூடியது. அங்கே நோய் இருந்தால் இரட்டை மருந்தின் பக்கம் தராசு சாயும்.

ஒன்றா, இரண்டா

கீமோ நேரடியாகப் புற்றுச் செல்லைக் கொல்லும். இந்த மருந்துகள் அப்படிச் செய்வதில்லை. நம் வெள்ளணுக்கள் சொந்த உடலையே தாக்கிவிடாதிருக்க அவற்றுக்கு பிரேக் இருக்கிறது. புற்றுநோய் அந்த பிரேக்கை அழுத்திப் பிடித்துத் தப்பிக்கிறது. பி.டி-1 என்ற பிரேக்கை விடுவிப்பவை நிவோலுமாப், பெம்ப்ரோலிசுமாப். சி.டி.எல்.ஏ-4 என்ற இன்னொரு பிரேக்கை விடுவிப்பது இபிலிமுமாப். இந்த பிரேக்குகளைக் கண்டறிந்து சிகிச்சைக்கு வழிகாட்டியதற்காக ஜேம்ஸ் ஆலிசன், தசுக்கு ஹோஞ்சோ இருவருக்கும் 2018-ல் நோபல் பரிசு கிடைத்தது. பிரேக் விடுபட்ட வெள்ளணு புற்றை மட்டும் தாக்கினால் நல்லது; குடலையும் தைராய்டையும் கல்லீரலையும் தாக்கினால் அதுவே பக்கவிளைவு. இரண்டு பிரேக்கையும் ஒரே சமயத்தில் விட்டால் பலனும் கூடும், ஆபத்தும் கூடும். மேலே சொன்ன ஆய்வில் கடுமையான பக்கவிளைவு வந்தவர்கள் இரட்டை மருந்தில் ஏறத்தாழ 59 சதவீதம், நிவோலுமாப் மட்டும் என்றால் 23 சதவீதம்.

இரட்டை மருந்துக்கு இடைவழி ஒன்று உண்டு. வழக்கமான முறையில் கிலோவுக்கு இபிலிமுமாப் 3 மி.கி., நிவோலுமாப் 1 மி.கி. என்று மூன்று வாரத்துக்கு ஒருமுறை, மொத்தம் நான்கு தடவை. அதைத் திருப்பிப் போட்டு நிவோலுமாப் 3, இபிலிமுமாப் 1 என்று வேறோர் ஆய்வில் கொடுத்தபோது கடுமையான பக்கவிளைவு 48-லிருந்து 34 சதவீதமாகக் குறைந்தது. அப்பாவின் எடைக்கு இபிலிமுமாப் 186 மி.கி.க்குப் பதில் 62 மி.கி. போதும், இபிலிமுமாப் செலவு இறங்கும்; நிவோலுமாப் செலவு கூடும். உங்கள் மருத்துவரிடம் இதைப் பெயர் சொல்லியே கேளுங்கள். இபிலிமுமாப் அங்கே இருப்பில் இல்லை என்றால், தனிப்பட்ட உபயோகத்துக்காக படிவம் 12ஏ-யில் விண்ணப்பித்து 12பி அனுமதி வாங்கி வரவழைக்கும் வழி சட்டத்தில் இருக்கிறது.

என் கருத்தைக் கேட்டீர்கள். பாத மெலனோமாவில் ஒற்றை மருந்தின் பலன் குறைவாக இருப்பதால், உடம்பு தாங்கும் நிலையில் உள்ளவருக்கு இரட்டை மருந்தை யோசிப்பது நியாயம். ஆனால் உங்கள் ஊரிலிருந்து சென்னைக்கு ஒரு இரவுப் பயணம். ராத்திரி வயிற்றுப்போக்கு தொடங்கினால் விடிவதற்குள் யாரிடம் காட்டுவீர்கள்? மதுரையில் இந்த மருந்துகளைக் கையாண்டு பழகிய ஒரு மருத்துவர், அவருடைய நேரடி எண், அவசரத்தில் சேர்க்க ஒரு மருத்துவமனை, உடன் இருக்க ஒருவர் என்று ஏற்பாடு செய்ய முடிந்தால் இரட்டை. முடியாவிட்டால் ஒற்றை மருந்தே பாதுகாப்பு. பெம்ப்ரோலிசுமாப் என்றால் 200 மி.கி. மூன்று வாரத்துக்கு ஒருமுறை அல்லது 400 மி.கி. ஆறு வாரத்துக்கு ஒருமுறை. நிவோலுமாப் என்றால் 240 மி.கி. இரண்டு வாரத்துக்கு அல்லது 480 மி.கி. நான்கு வாரத்துக்கு. அரை மணி நேர ட்ரிப்ஸ்தான். அன்றே வீடு திரும்பலாம்.

குறைந்த டோஸ் விஷயம்: உங்களிடம் சொன்னவர் மும்பை டாடா மருத்துவமனையில் நடந்த ஆய்வைக் கேள்விப்பட்டிருப்பார். வாய், தொண்டைப் புற்றுநோயில் வேறு மருந்துகளோடு வெறும் 20 மி.கி. நிவோலுமாப் சேர்த்தபோது ஒரு வருடம் கடந்தவர்கள் 16 சதவீதத்திலிருந்து 43 சதவீதமானார்கள். ஏழை நோயாளிகளுக்கு அது பெரிய செய்தி. ஆனால் அது மெலனோமாவில் நிரூபிக்கப்பட்டதில்லை. முழு டோஸுக்கு வழியே இல்லை என்ற கட்டத்தில் மருத்துவரோடு மனம் திறந்து பேச வேண்டிய கடைசி ஏற்பாடாக வைத்துக்கொள்ளுங்கள். முதல் தேர்வாக வேண்டாம்.

காலை எடுப்பதால் நுரையீரலில் இருப்பது போகாது. குதிகால் புண் சீழ் பிடித்து, ரத்தம் கசிந்து தொல்லை தந்தால் அந்தப் புண்ணை மட்டும் அகற்றலாம். அதற்கு மேல் இப்போது கத்தி தேவையில்லை.

சீந்திலை அன்போடுதான் சித்தப்பா சொல்கிறார். ஆனால் அது வேண்டாம். கோவிட் காலத்தில் மும்பையில் சீந்தில் தொடர்ந்து குடித்தவர்கள் சிலருக்கு, உடம்பே தன் கல்லீரலைத் தாக்கும் வகையான மஞ்சள் காமாலை வந்ததை மருத்துவர்கள் பதிவு செய்திருக்கிறார்கள். நாம் கொடுக்கப் போகும் மருந்தும் அதே வகைக் காமாலையைக் கொண்டுவரக்கூடியது. இரண்டும் சேர்ந்து கல்லீரல் கெட்டால் எதனால் என்று பிரித்தறிய முடியாமல் சிகிச்சையையே நிறுத்த வேண்டி வரும். அமுக்கரா சூரணத்துக்கும் இதே பதில். கேழ்வரகு, கீரை, பயறு, கொண்டைக்கடலை என்று நார்ச்சத்துள்ள சாப்பாடு கொடுங்கள். கடையில் விற்கும் புரோபயாட்டிக் மாத்திரை வேண்டாம்.

முதல் ட்ரிப்ஸுக்கு முன்

ரத்த அணுக்கள், கல்லீரல், சிறுநீரகம், தைராய்டு, காலை 8 மணி கார்டிசால் (அட்ரினல் சுரப்பியின் ஹார்மோன்), சர்க்கரையின் மூன்று மாத அளவு, இ.சி.ஜி., டிரோபோனின் (இதயத் தசைக்கான ரத்தச் சோதனை), இவற்றோடு ஹெபடைடிஸ் பி, சி, எச்.ஐ.வி., காசநோய்ச் சோதனை. கடைசியில் சொன்ன காசநோய்ச் சோதனையைச் சிலர் விட்டுவிடுகிறார்கள். பின்னால் குடல் அழற்சிக்கு இன்ஃப்ளிக்சிமாப் என்ற எதிர்ப்புச் சக்தியை அடக்கும் மருந்து கொடுக்க நேர்ந்தால், உள்ளே உறங்கிக் கிடக்கும் காசநோய் எழக்கூடும். முன்பே தெரிந்திருந்தால் தடுக்கலாம். மூட்டுவலிக்கு என்று ஊரில் அப்பா ஏதாவது மாத்திரை வாங்கிச் சாப்பிடுகிறாரா என்றும் பாருங்கள். பல இடங்களில் அது ஸ்டீராய்டாக இருக்கும். ஆரம்பத்திலேயே ஸ்டீராய்டு உடம்பில் இருந்தால் மருந்தின் வேலை மட்டுப்படலாம்.

வீட்டில் இருப்பவர்கள் கவனிக்க வேண்டியது

கீமோவின் தொல்லை போட்ட வாரத்திலேயே தெரியும். இதன் தொல்லை சாவகாசமாக வரும். தோல் அரிப்பு இரண்டு மூன்று வாரத்தில், குடல் ஐந்திலிருந்து பத்து வாரத்துக்குள், கல்லீரலும் ஹார்மோன் சுரப்பிகளும் இரண்டு மூன்று மாதத்தில். மருந்தை நிறுத்திப் பல மாதம் கழித்துக்கூட வரலாம். எல்லாம் நன்றாகப் போகிறது என்று வீட்டில் அசந்திருக்கும் நேரத்தில் வருவதுதான் இதன் குணம்.

வயிற்றுப்போக்கு: வழக்கத்தைவிட நான்கு தடவையோ மேலோ கூடுதலாகப் போனாலோ, ரத்தம், சளி கலந்தாலோ அன்றே மருத்துவரை அழையுங்கள். தவறு நடப்பது பெரும்பாலும் இங்கேதான். பக்கத்து மெடிக்கலில் லோபெரமைடும் ஆன்டிபயாட்டிக்கும் வாங்கிக் கொடுப்பார்கள். போக்கு நின்றதுபோல் இருக்கும். உள்ளே குடல் வெந்துகொண்டிருக்கும். நாலாம் நாள் வயிறு உப்பி, குடல் ஓட்டையாகி வந்து சேருவார்கள். இதற்குத் தேவை ஸ்டீராய்டு: கிலோவுக்கு 1 முதல் 2 மி.கி. மூன்று நாளில் அடங்காவிட்டால் இன்ஃப்ளிக்சிமாப். அடங்கிய பிறகும் ஸ்டீராய்டைச் சட்டென்று நிறுத்தக் கூடாது. நான்கிலிருந்து ஆறு வாரத்தில் படிப்படியாக இறக்க வேண்டும். அந்த நாட்களில் அப்பாவுக்குச் சர்க்கரை எகிறும், இன்சுலின் தேவைப்படும். ஸ்டீராய்டு கொடுத்தால் கேன்சர் மருந்து வீணாகிவிடும் என்று பயந்து தள்ளிப்போடாதீர்கள். பக்கவிளைவால் பாதியில் நிறுத்த நேர்ந்தவர்களுக்கும் பலன் தொடர்ந்திருக்கிறது.

புதிதாக வறட்டு இருமல், மாடி ஏறினால் மூச்சிரைப்பு: நுரையீரல் அழற்சியாக இருக்கலாம். நெஞ்சு வலி, இமை தொங்குதல், தசை வலியோடு பலவீனம்: அரிது, ஆனால் இதயத் தசை அழற்சி ஓரிரு நாளில் உயிரைப் பறிக்கும், நேராக அவசரப் பிரிவுக்கு. மூத்திரம் டீ நிறத்தில் போனால் கல்லீரல்.

சர்க்கரை நோயாளி என்பதால் அப்பாவுக்கு இரண்டு தனி எச்சரிக்கை. சர்க்கரை திடீரென்று 300-ஐத் தாண்டி, தாகமும் வாந்தியும் வந்தால் மாத்திரை போதவில்லை என்று நினைத்துவிடாதீர்கள். கணையத்தின் இன்சுலின் செல்கள் அழிந்திருக்கலாம். கீட்டோன் பார்க்கச் சொல்லுங்கள். மாறாக, மாத்திரையை மாற்றாமலேயே சர்க்கரை தாழ்ந்து தாழ்ந்து போய், தலைவலியும் தாங்க முடியாத அசதியும் ரத்த அழுத்தக் குறைவும் சேர்ந்தால் பிட்யூட்டரி அல்லது அட்ரினல் சுரப்பி படுத்துவிட்டிருக்கலாம். கார்டிசால் பார்த்து ஹைட்ரோகார்டிசோன் கொடுத்தால் மனிதர் எழுந்து உட்கார்ந்துவிடுவார். ஆனால் இந்த ஹார்மோன் சேதம் பெரும்பாலும் திரும்பாது. வாழ்நாள் முழுக்க மாத்திரை வேண்டும். தைராய்டும் குறைந்திருந்தால் முதலில் ஹைட்ரோகார்டிசோன், பிறகே தைராக்சின்.

'நிவோலுமாப் இம்யூனோதெரபி பெறுபவர்' என்று மருந்தின் பெயர், கடைசியாகப் போட்ட தேதி, மருத்துவரின் எண் எழுதிய அட்டை ஒன்று அப்பாவின் சட்டைப் பையில் எப்போதும் இருக்கட்டும். அவசரப் பிரிவில் 'கீமோ போட்டிருக்கிறார்' என்று மட்டும் சொன்னால் அவர்கள் வேறு திசையில் போய்விடுவார்கள்.

முதல் ஸ்கேன் பன்னிரண்டாம் வாரம். கட்டி கொஞ்சம் பெரிதாகத் தெரிந்தாலும், மனிதர் தெம்பாக இருந்தால் நான்கிலிருந்து எட்டு வாரம் கழித்து மறு ஸ்கேன் பார்த்தே முடிவெடுப்பார்கள். வெள்ளணுக்கள் உள்ளே புகுந்ததால் கட்டி வீங்கித் தெரிவதுண்டு. ஆனால் அது பத்தில் ஒருவருக்கும் குறைவு. ஆள் மெலிந்து, வலி கூடிக்கொண்டே போனால் அதை மருந்து வேலை செய்யும் அறிகுறி என்று நம்பிக் காத்திருக்காதீர்கள்.

பணமும் மருந்து வாங்குவதும்

இன்சூரன்ஸ் நிறுவனம் 'வராது' என்று வாயால் சொன்னதை ஏற்காதீர்கள். காப்பீட்டு ஒழுங்குமுறை ஆணையம் 2019-ல் வெளியிட்ட வழிகாட்டுதலில், விலக்கக் கூடாத நவீன சிகிச்சைகளின் பட்டியலில் ஊசியாகச் செலுத்தும் மோனோக்ளோனல் ஆன்டிபாடி (நிவோலுமாப் போன்ற மருந்துகள்) இம்யூனோதெரபி பெயர் சொல்லியே இருந்தது. உள் உச்சவரம்பு வைக்க மட்டும் அவர்களுக்கு அனுமதி இருந்தது. பாலிசியில் அந்த வரம்பு எவ்வளவு என்று பாருங்கள், மறுப்பை எழுத்தில் கேளுங்கள். நிறுவனத்தின் குறைதீர்ப்புப் பிரிவில் முடியாவிட்டால் சென்னையில் உள்ள காப்பீட்டுக் குறைதீர்ப்பாளரிடம் கட்டணமின்றி முறையிடலாம். மருந்து நிறுவனங்களின் நோயாளி உதவித் திட்டத்தில் சில குப்பிகள் வாங்கினால் மீதி இலவசமாகக் கிடைக்கும் ஏற்பாடு பெரும்பாலும் உண்டு; முதல் குப்பி வாங்கும் முன்பே மருத்துவமனையில் பதிவு செய்ய வேண்டும். முதலமைச்சர் காப்பீட்டு அட்டை இருந்தால், இந்த மருந்து அதில் வருமா என்று அங்குள்ள காப்பீட்டுப் பிரிவில் கேட்டுவிடுங்கள். நிலத்தை விற்பதை, பன்னிரண்டாம் வார ஸ்கேனுக்கு முன் செய்ய வேண்டாம் என்பது என் வேண்டுகோள். முதல் மூன்று மாதச் செலவை மட்டும் கணக்கிட்டுத் திரட்டுங்கள்.

பாதி விலைக்குத் தருகிறேன் என்று வாட்ஸ்அப்பில் வருபவரிடம் மருந்து வாங்காதீர்கள். 2024 மார்ச்சில் டெல்லி காவல்துறை பிடித்த கும்பல், இம்யூனோதெரபியின் காலிக் குப்பிகளை விலைக்கு வாங்கி, வேறு மருந்தை நிரப்பி விற்றது. பேட்ச் எண் உள்ள பில், 2 முதல் 8 டிகிரி குளிரில் வந்த பெட்டி, சீல் உடையாத குப்பி மூன்றையும் பார்த்து வாங்குங்கள். ட்ரிப்ஸ் ஏறியதும் காலிக் குப்பியின் லேபிளைக் கிழித்துவிடச் சொல்லுங்கள்.

அப்பாவிடம் சொல்வது

மேலே எழுதிய அத்தனை எச்சரிக்கையும் ஒருவர் வாய் திறந்து சொன்னால்தான் பயன்படும். அவர் அப்பா. ராத்திரி ஐந்து தடவை எழுந்து போனதை, 'புள்ளைகளை ஏன் எழுப்பணும்' என்று மறைக்கும் தலைமுறை அது. தனக்கு என்ன நோய், எதற்காக இந்த ட்ரிப்ஸ் என்று தெரியாதவர், அந்த வயிற்றுப்போக்கை ஏன் பெரிதாக எண்ண வேண்டும்? சுயநினைவோடு இருக்கும் ஒருவரின் சம்மதத்தை அவரிடம்தான் பெற வேண்டும். சம்மதப் படிவத்தில் கையெழுத்து அவருடையது, உங்களுடையது இல்லை. பெரும்பாலானவர்கள் ஏற்கெனவே ஊகித்துவிடுகிறார்கள். வீடே தன்னிடம் மறைக்கிறது என்ற தனிமை அவர்களை அதிகம் வாட்டுகிறது.

ஒரே மூச்சில் எல்லாவற்றையும் சொல்ல வேண்டியதில்லை. "இந்தப் புண்ணைப் பற்றி டாக்டர் என்ன சொன்னார்னு தெரிஞ்சுக்கணுமாப்பா?" என்று கேளுங்கள். அவர் கேட்கும் அளவுக்குச் சொல்லுங்கள். புற்றுநோய், நெறிக்கும் நுரையீரலுக்கும் போயிருக்கிறது, மருந்து இருக்கிறது, கேட்குமா என்று மூன்று மாதத்தில் தெரியும். இவ்வளவு போதும். அடுத்த முறை சென்னை போகும்போது அவரையும் உள்ளே அழைத்துப் போய் மருத்துவர் எதிரில் உட்கார வையுங்கள். அந்த அட்டையில் எழுதப் போகும் எண்ணை அப்பாவின் போனிலும் ஏற்றிக் கொடுத்து, அவரையே ஒருமுறை அழைத்துப் பார்க்கச் சொல்லுங்கள்.